கையெழுத்துப் போட்டவருக்குப் பின்சீட்

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஊக்கம் தருகிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கு என்னைச் சரியாகத் தெரியாது. என்னிடம் அந்தச் சரக்கு இல்லை. வண்டிகளோடு மாரடித்தே ஒரு ஆயுள் போய்விட்டது. அதில் உங்களுக்கு உதவக்கூடியது என்று ஒரு விஷயம்தான் மிஞ்சியிருக்கிறது. அது பிரேக் சம்பந்தப்பட்டது. வாசித்துவிட்டு வேறு வேலை தேடிப் போக நினைப்பவர்கள் தாராளமாகப் போகலாம், நான் தடுக்கமாட்டேன்.

பழைய பெற்றோல் கார்களை மின்சாரக் கார்களாக மாற்றப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். கண்டிக்குப் பக்கத்தில், இந்தப் பல்லேகலையில், நீங்கள் இருக்கும் அதே வரிசையில், இரண்டு கட்டடம் தள்ளி, நாங்களும் அதைத்தான் செய்தோம். இப்போது அந்த இடத்தில் மெத்தை விற்கிறார்கள்.

கதையை நான் வாலிபனாக இருந்த காலத்திலிருந்து தொடங்க வேண்டும். நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். புலமைப்பரிசில் கிடைத்து சோவியத் நாட்டுக்குப் படிக்கப் போனேன். படிப்பு முடிகிற நேரத்தில் ஒரு கார்த் தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் பயிற்சிக்கு விட்டார்கள். அங்கே அப்போது சிறிய குடும்பக் கார் ஒன்றை உருவாக்கிக்கொண்டிருந்தார்கள். அப்பா, அம்மா, பிள்ளைகள், ஒரு மூட்டை உருளைக்கிழங்கு, இத்தனையையும் ஏற்றிக்கொண்டு பனியிலும் சேற்றிலும் அது ஓட வேண்டும். பழுதானால் வீட்டுக்காரரே ரோட்டோரத்தில் குந்தியிருந்து சரிபார்த்துக்கொள்ள வேண்டும். மேலிடத்துக் கட்டளை அவ்வளவுதான். அழகைப் பற்றி யாரும் பேசவில்லை, காரைப் பார்த்தாலே அது தெரியும். பெட்டரி செத்துப்போனால் முன்பக்க ஓட்டையில் கம்பியைச் செருகிக் கையால் சுற்றி ஸ்டார்ட் பண்ணலாம். ஹீட்டரை மட்டும் சைபீரியாவை மனதில் வைத்துச் செய்திருந்தார்கள். பிற்காலத்தில் அந்தக் காரைக் கண்டியில் வாங்கிய நம்மவர்கள், அணைத்தும் அணையாத அந்த ஹீட்டரோடு வேர்த்து விறுவிறுத்துத்தான் ஓட்டினார்கள்.

பிரேக் பிரிவுக்குத் தலைவி ஒரு அம்மா. கட்டையான உருவம், சிரிக்கவே மாட்டார். அவருடைய பிரிவில் ஒரு வழக்கம் இருந்தது. பிரேக் சரி என்று சொல்பவர், காரின் பின்கதவின் உள்பக்கத்தில் கரும்பலகையில் எழுதுகிற வெண்கட்டியால் தன் கையெழுத்தைப் போட வேண்டும். போட்டுவிட்டு, மலையிலிருந்து இறங்கும் சோதனையில் பின்சீட்டில் உட்கார்ந்து வர வேண்டும். முன்சீட் ஏன் கூடாது என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

“முன்னால் உட்கார்ந்தால் உன் கால் தானாகத் தரையை மிதிக்கும், உன் கை எதையாவது பிடிக்கப் போகும். பின்னால் உட்கார்ந்தால் உன்னால் ஒன்றுமே செய்ய முடியாது. நீ செய்த பிரேக்கை நீயே நம்ப வேண்டியதுதான். அந்தக் காரை வாங்குகிறவனின் பிள்ளை அங்கேதான் உட்காரப்போகிறது” என்றார்.

அவர் சொன்ன இன்னொன்றும் நினைவிருக்கிறது. “இந்தக் காருக்கு நாலு சக்கரத்தில் நாலு பிரேக். ஐந்தாவது பிரேக் எஞ்சின்.” நம் மலைநாட்டு டிரைவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இறக்கத்தில் கை தானாகவே இரண்டாவது கியருக்குப் போகும், எஞ்சின் முனகிக்கொண்டே வண்டியை இழுத்துப் பிடிக்கும்.

ஒரு பெரிய விழாவுக்கு முன் காரைக் காட்சிக்கு வைத்தாக வேண்டும் என்று மேலிடம் அவசரப்படுத்தியது. அவர் கையெழுத்துப் போட்டார், ஆள் பாரத்துக்காகப் பின்சீட்டில் வைத்திருந்த மணல் மூட்டைகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார். முன்சீட்டில் ஒரு பெரிய அதிகாரி. நான் பின்னால் வேறு வண்டியில் வந்தேன். பாதி மலையிலேயே பிரேக் எரிகிற நாற்றம் எங்கள் வண்டிவரை அடித்தது. ஓட்டியவர் கெட்டிக்காரர், எஞ்சினை வைத்தே அடிவாரம்வரை சேர்த்துவிட்டார். அந்த அம்மா இறங்கினார், கோட்டுக் கையால் தன் கையெழுத்தைத் துடைத்தார். அதிகாரிக்குக் கோபம் வந்தது. காட்சிக்கு வைக்கத்தானே, மலையிலா ஓட்டப்போகிறோம் என்று கத்தினார்.

“வாங்குகிறவரின் வீடு எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டார் அந்த அம்மா.

கார் தாமதமாகத்தான் வெளியே வந்தது, அவர் கேட்ட பிரேக்கோடு வந்தது. அவரைக் கதவுக் கைப்பிடிப் பிரிவுக்கு மாற்றினார்கள். பயிற்சி முடிந்து நான் விடைபெறப் போனபோது ஒரு கைப்பிடியை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நியாயத்தின் பக்கம் நின்றால் நன்மை வரும் என்று உங்களுக்கு யாராவது சொன்னால் அந்தக் கைப்பிடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பஸ் கராஜ்களில் என் காலம் போனது. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓய்வுபெற்றுக் கட்டுகஸ்தோட்டையில் சும்மா இருந்தபோதுதான் நாட்டில் பெற்றோல் இல்லாமல் போனது. அந்த வரிசைகளில் நீங்களும் நின்றிருப்பீர்கள். அக்குறணையில் உதிரிப்பாகக் கடை வைத்திருந்த ஹாஜியார் ஒருவர், பல்லேகலையில் ஒரு கொட்டகை எடுத்து என்னைக் கூப்பிட்டார். நல்ல மனுஷன். ஊரெங்கும் முற்றங்களில் துருப்பிடித்து நிற்கிற பழைய ருஷ்யக் கார்களை எடுத்து, எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டாரைப் பூட்ட வேண்டும் என்பது அவருடைய எண்ணம்.

“சேர், வெளிநாட்டுல இருந்து புதுசு இறக்கவும் ஏலா, பழசுக்கு ஊத்த எண்ணெயும் இல்ல. மனிசர் என்ன செய்யிற? இந்தக் காரப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி இந்த நாட்டுல ஒத்தருக்கும் தெரியா” என்றார்.

உண்மையைச் சொன்னால் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தக் காரின் ஒவ்வொரு போல்ட்டும் எனக்கு மனப்பாடம்.

அங்கே பொறியியலாளராக இருந்தவள் ரேவதி. ஹந்தானை மலைப் பக்கம் மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை. அப்பா தோட்டத்துக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், எழுத்தராக வேலைசெய்து ஓய்வுபெற்றவர். தோட்டமே அவரைக் கிளாக்கர் ஐயா என்றுதான் கூப்பிடும். அம்மாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய், வாரம் தவறாமல் கண்டி ஆஸ்பத்திரிக்கு இறங்கி இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வர வேண்டும். பஸ் நின்றுபோனது. ஆட்டோக்காரர்கள் வரிசையிலேயே குடியிருந்தார்கள். கிளாக்கர் ஐயாவிடம் அதே ருஷ்யக் கார் ஒன்று இருந்தது. அதையே முதல் காராக மாற்றுவது என்று ரேவதி முடிவுசெய்தாள். வேலை அவளுடைய வேலை. நான் பக்கத்திலிருந்து குறை சொன்னேன், அவ்வளவுதான்.

எஞ்சினை எடுத்தால் ஐந்தாவது பிரேக் போய்விடுமே என்று முதல் நாளே கேட்டேன். அவள் சிரித்தாள்.

“போகாது சேர். எறக்கத்துல மோட்டாரே வண்டிய இழுத்துப் புடிக்கும். அப்ப வர்ற கரண்ட்ட திருப்பி பெட்டரிக்கு அனுப்பிரும். ஒங்க எஞ்சினு சத்தம்தான் போட்டுச்சு. இது சம்பாதிச்சிக் குடுக்கும்.”

சொன்னபடியே செய்தும் காட்டினாள். பின்சீட் வழக்கத்தை நான் கொட்டகையில் சொல்லியிருந்தேன். அவளுக்கு அது ரொம்பப் பிடித்துப்போனது. வெண்கட்டியால் நான் கையெழுத்துப் போட்டேன், பல்லேகலையிலிருந்து புறப்பட்டு ஹந்தானை ஏறி, பின்சீட்டில் உட்கார்ந்து இறங்கினேன். கார் பூனை மாதிரி இறங்கியது. பிரேக் நாற்றம் துளியும் இல்லை. திரும்பத் திரும்பச் செய்து பார்த்தோம், ஒரு குறையும் இல்லை.

காரைக் கையளிக்கிற நாள் காலையில் டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தார் கிளாக்கர் ஐயா. பேச்சுக்குத்தான் கேட்டேன், எங்கே சார்ஜ் பண்ணுவீர்கள் என்று.

“வீட்டுலதான் சேர். வாசலுக்கே வயர் இழுத்துட்டேன். கரண்டு எப்ப வருதோ எப்ப போகுதோ. வந்தா விடமாட்டேன், வழிய வழிய நெரப்பிருவேன்.”

வாங்குகிறவரின் வீடு எங்கே என்று அந்த அம்மா கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் கொட்டகை அடிவாரத்தில். நாங்கள் கீழே சார்ஜ் பண்ணி, மேலே ஏறி, பிறகுதான் இறங்கினோம். ஏறும்போது பெட்டரி குறைந்துவிடும், இறங்கும்போது மோட்டார் அனுப்புகிற கரண்டை வாங்கிக்கொள்ள அதில் இடம் இருக்கும். கிளாக்கர் ஐயாவின் வீடு உச்சியில். அவர் நிரம்பிய பெட்டரியோடு நேரே இறங்கப்போகிறார். நிரம்பிய பெட்டரி வாங்காது. வாங்காவிட்டால் மோட்டார் இழுத்துப் பிடிக்காது. ஐந்தாவது பிரேக் இல்லாத கார், அதுவும் பின்னால் பெட்டரிப் பாரத்தோடு.

எலுமிச்சம்பழத்தை எடுக்கச் சொன்னேன். அன்றைக்கே காரை மேலே கொண்டுபோய், அவர் வாசலில் நிரப்பி, ரேவதி ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்து இறங்கினோம். முதல் வளைவில் கார் சும்மா ஓடியது. மூன்றாவது வளைவுக்கு முன்னாலேயே நாற்றம் வந்துவிட்டது. ரேவதி காரை மேட்டில் உரசி நிறுத்தினாள். இருவரும் தேயிலைக்குள் இறங்கி நின்றோம். நான் சட்டைக் கையால் என் கையெழுத்தைத் துடைத்தேன்.

வழி தேடாமல் இல்லை. கீழேயே சார்ஜ் பண்ணி மேலே போய் அம்மாவை அழைத்து வந்தால் என்ன என்று பார்த்தோம். அது வேறு வண்டியிலிருந்து கழற்றிய பழைய பெட்டரி, ஒரு ஏற்றத்துக்குத்தான் தாங்கியது. இடையில் கீழே மறுபடி நிரப்ப மின்வெட்டு விடவில்லை, அம்மாவைத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிற இரண்டாவது ஏற்றத்தில் பாதியில் நின்றது. பெரிய பிரேக் பூட்டலாம் என்றால் சாமான் இறங்கவில்லை. இடையில் தானாக நிறுத்துகிற சார்ஜரும் அப்படித்தான். டைமர் வைத்தாள், மின்வெட்டில் அது குழம்பிப்போனது. எஞ்சினைத் திரும்பப் பூட்டலாம், பெற்றோல் இல்லை. மிஞ்சியது ஒரே வழி. நிரம்புவதற்குக் கொஞ்சம் முன்னால் யாராவது வயரைக் கையால் கழற்ற வேண்டும். கூடினால் இறங்கும்போது ஆபத்து. குறைந்தால் பின்னேரம் வீடுவரை ஏறாது.

ஒரு மனிதரின் ஞாபகத்தைப் பிரேக்காக வைத்துக் கார் கொடுக்க முடியாது என்று ஹாஜியாரிடம் சொல்லிவிட்டேன். “நீங்க ஏலாண்டா ஏலாதான் சேர்” என்று அவர் தலையைத் தொங்கப்போட்டார்.

அதற்குள் ரேவதியின் அம்மாவுக்கு ஒரு வாரம் தவறிப்போயிருந்தது. முகமும் காலும் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். ரேவதி என் வீட்டுக்கு வந்தாள். கதிரையில் உட்காரவில்லை, நின்றபடியே பேசினாள்.

“சேர், நீங்க சொல்றது எல்லாம் சரி. நான் ஒண்ணுக்கும் எதிர்ப்பேச்சு பேசல. ஆனா அம்மாவுக்கு நாளைக்குப் போகணும். சரியா இருக்கிறத வச்சிக்கிட்டு நான் என்னா செய்ய?”

கதிரையை அவள் பக்கம் நகர்த்திப் போட்டேன்.

“அது ஆபத்தும்மா” என்று மட்டும் சொன்னேன்.

“போகாம இருக்கிறது ஆபத்து இல்லையா சேர்? அதுக்கு யாரு கையெழுத்துப் போடுறது?”

அடுத்த நாள் காலை கொட்டகைக்குப் போனேன். பின்கதவின் உள்பக்கத்தில் அவள் வெண்கட்டியால் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். நானும் கூட வருகிறேன், பின்னால் உட்காருகிறேன் என்றேன்.

“நீங்க கையெழுத்துப் போடல சேர். ஒங்களுக்கு அந்த சீட் இல்ல” என்று சொல்லிச் சிரித்தாள். என் வழக்கத்தை என்னிடமே படித்துக் காட்டினாள்.

அவளுடைய ஏற்பாடு சரியாகவே ஓடியது. அப்பா ஓட்டுவார், வளைவுகளில் தலைசுற்றும் என்பதால் அம்மா முன்னால், இவள் பின்னால். வயரைக் கழற்றுவது இவள் வேலை. ஆஸ்பத்திரி நாட்களில் அடிவாரம் சேர்ந்ததும் எனக்குப் போன் வரும். “சேர், இன்னைக்கும் உயிரோடதான் எறங்கியிருக்கோம்” என்பாள். நான் திட்டுவேன். சில வாரங்களில் எனக்கே பயம் விட்டுப்போனது. அம்மாவின் வீக்கம் வற்றியது, தானாக எழுந்து நடந்தார். நான்தான் தேவையில்லாமல் பயந்தேனோ என்றுகூட நினைத்தேன்.

ஒரு நாள் போன் வரவில்லை.

நடந்ததைப் பிறகு கிளாக்கர் ஐயா சொன்னார். அன்றைக்கு விடிய விடிய அம்மாவுக்கு வாந்தி. ரேவதி அம்மாவோடு இருந்தாள். இரவெல்லாம் போயிருந்த கரண்ட் திரும்பி வந்திருந்தது. மகளுக்கு ஒரு வேலை குறையட்டும் என்று வயரைத் தானே பார்த்துக்கொண்டார் அவர். மாதக்கணக்காக வரிசையில் நின்ற மனுஷன். பெட்டரி அளவு காட்டும் முள் உச்சிக்குப் போனதைப் பார்த்து, இன்றைக்காவது பயமில்லாமல் வீடுவரை ஏறலாம் என்று சந்தோஷப்பட்டிருக்கிறார். எவ்வளவு கூடினால் ஆபத்து என்று மகள் பல தடவை சொல்லித்தான் இருந்தாள். அந்த அவசரத்தில் அது மனதில் நிற்கவில்லை. பிறகு கழற்றினார். புறப்படும்போது ரேவதி கேட்டாள், “வயரக் கழட்டியாச்சாப்பா?” “ஆச்சும்மா” என்றார். அது பொய்யில்லை. முள் அவர் முன்னால் இருந்தது, பின்சீட்டிலிருந்து அவளுக்குத் தெரியவில்லை.

மலைநாட்டில் ஓட்டிப் பழகியவர் செய்ய வேண்டியதைத்தான் அவர் செய்தார். இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனதும், பள்ளத்துப் பக்கம் போக விடாமல் மேட்டில் கொண்டுபோய் மோதினார். அவருக்குக் கை முறிந்தது. அம்மாவுக்குச் சிராய்ப்பு. பின்னாலிருந்த பெட்டரிப் பெட்டி, பழைய அடித் தகட்டைப் போல்ட்டுகளோடு பிய்த்துக்கொண்டு முன்னால் வந்தது. பின்சீட் இருந்த இடம் இல்லாமல் போனது.

ஹாஜியார் கொட்டகையை மூடிச் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டார். அதற்குப் பிறகு நாங்கள் இருவரும் சந்தித்தாலும் பேச எதுவும் இருப்பதில்லை. இப்போது பெற்றோல் தாராளமாகக் கிடைக்கிறது. புதுக் கார்களும் இறங்குகின்றன. ரேவதியின் அம்மா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய் வருகிறார். அவள் செய்ததெல்லாம் கொஞ்ச காலத்துக்கு மட்டும் தேவைப்பட்டது என்று நினைக்கும்போது எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரிவதில்லை.

உங்களுக்கு உதவுகிற மாதிரி இதில் இருப்பது கொஞ்சம்தான். வண்டியை விற்பதற்கு முன் வாங்குகிறவரின் வாசலில் போய் நின்று, அங்கிருந்து உங்கள் சோதனையைத் தொடங்குங்கள். கழற்றியாச்சா என்று கேட்காதீர்கள், முள் எங்கே நிற்கிறது என்று கேளுங்கள். இவை சின்ன விஷயங்கள், நீங்கள் சுலபமாகப் படித்துக்கொள்வீர்கள். மற்றதற்கு, அதாவது சரி என்பதற்கும் தேவை என்பதற்கும் நடுவில் உங்களை நிறுத்தி வெண்கட்டியை நீட்டுகிற நாளுக்கு, என்னிடம் பாடம் ஒன்றும் இல்லை. நான் மறுத்தது சரி. அவள் போட்டதையும் என்னால் பிழை என்று சொல்ல முடியவில்லை.

கருமாதி முடிந்த பிறகு கிளாக்கர் ஐயா கட்டுகஸ்தோட்டைக்கு என்னைத் தேடி வந்தார். கைக்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை. என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“ஒண்ணு கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன் சேர். அன்னைக்கி நான் அவள வேணாம்னுதான் சொன்னேன். ராத்திரி பூரா முழிச்சிருக்க, படும்மா, அம்மாவ நான் கூட்டிட்டுப் போறேன்னு. கேக்கல. ‘நான் கையெழுத்துப் போட்டவப்பா, பின்சீட்டு என்னோடது’ன்னு ஏறிட்டா. அப்பிடி ஒரு சட்டம் இருக்கா சேர்?”

இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லியிருந்தால் மகள் எதற்காக ஏறினாள் என்று அந்த மனுஷன் சாகும்வரை யோசித்துக்கொண்டிருப்பார்.

“இருக்குங்க” என்றேன்.

“எல்லாருக்குமா?”

“கையெழுத்துப் போடுறவங்களுக்கு மட்டும்.”

அவர் தன் கைக்கட்டைச் சரிசெய்துகொண்டார்.

“நீங்க போடல இல்லையா சேர்.”

“போடலைங்க.”

“அதான் இருக்கீங்க” என்றார்.

குத்திக்காட்டுவதற்காக அவர் அதைச் சொல்லவில்லை. கேட்க வந்ததற்கு விடை கிடைத்துவிட்டது போலத் தலையை ஆட்டினார். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எழுந்து போனார்.